மூன்றாம் வகுப்புக்கு டேப்ரெக்கார்டர் பாடம் எடுத்த நாள்

ஒரு டேப்ரெக்கார்டரை எப்படி இயக்குவது என்று ஒரு டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

வருடம் 1991. நான் ஒரு வாரப் பத்திரிகையில் சிறுவர் பக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். தீப்பெட்டியில் டெலிபோன், கொட்டாங்குச்சியில் தராசு, காலண்டர் அட்டையில் காற்றாடி, இதெல்லாம் என் துறை. அரையாண்டுத் தேர்வு வந்தால் குழந்தைகளிடமிருந்து கடிதம் வருவது நின்றுவிடும். பக்கம் காலியாக இருக்கும். அந்த முறை இடத்தை நிரப்ப, 'வகுப்பறைக்கு எளிய கருவிகள்' என்று ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள் எழுதினேன்.

அதில் ஒன்று இது:

'ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைக் கவனிக்க வேண்டிய பள்ளியா? கவலை வேண்டாம். ஒரு வகுப்புக்குரிய பாடத்தை டேப்ரெக்கார்டரில் பதிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒரு வகுப்பை நடத்தும்போது கருவி இன்னொரு வகுப்பை நடத்தும்.'

கவலை வேண்டாம் என்று எழுதுவது எனக்கு எப்போதுமே சுலபமாக வரும்.

இதைப் படித்துவிட்டு எஸ்தர் டீச்சர் தாம்பரத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு சின்னக் கிராமம். அங்கே ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"சார், நீங்க ரெண்டு கிளாஸுக்குத்தான் எழுதியிருக்கீங்க. எனக்கு அஞ்சு கிளாஸ். பரவாயில்லையா?"

"அஞ்சுக்கும் நீங்க ஒருத்தர்தானா?"

"இன்னொரு சார் இருந்தாரு. மாற்றல் வாங்கிட்டுப் போயிட்டாரு. ரெண்டு வருஷமா நான் ஒண்டிதான். எனக்குக் காய்ச்சல்னா ஸ்கூலையே மூடணும்னு காய்ச்சலோடயே வருவேன். எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்போகூட நான் போகல சார். யாரைக் கூட்டி வந்து உக்கார வைக்கறது?"

இப்போது ஓர் ஆசிரியர் பணியிடம் வந்திருக்கிறதாம். ஒரே ஒரு பணியிடம். படப்பைப் பக்கம் இன்னொரு பள்ளியும் அதைக் கேட்கிறதாம். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். யாருக்குக் கொடுப்பது என்று ஏ.இ.ஓ. வந்து பார்த்து முடிவு செய்வாராம். ஏ.இ.ஓ. என்றால் ஒன்றியத்துப் பள்ளிகளையெல்லாம் பார்வையிடுகிற கல்வி அதிகாரி.

"அதுல என்ன சிக்கல்? நீங்க ஒருத்தர், அவங்க ரெண்டு பேர். உங்களுக்குத்தானே வரணும்?"

"போன தடவை வந்தப்போ பீரோவைத் திறந்து பாத்துட்டாரு சார். 'கவர்மெண்ட் குடுத்த டேப்ரெக்கார்டரையே இன்னும் பிரிக்கல. குடுத்ததை யூஸ் பண்ணாத ஸ்கூலுக்கு ஆள் எதுக்கும்மா?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

"பிரிச்சிருக்கலாமே டீச்சர்."

"பிரிச்சு உடைஞ்சா நான்தானே சார் பதில் சொல்லணும்? பிரிக்காம இருந்தா உடையாது இல்ல?"

இந்த வாதத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

அதிகாரி வெள்ளிக்கிழமை வருகிறார். அவர் வரும்போது டேப்ரெக்கார்டர் ஓட வேண்டும். அதைப் பார்த்து மனம் மகிழ்ந்து அவர் இரண்டாவது ஆசிரியரைக் கொடுக்க வேண்டும். திட்டம் இதுதான்.

"நானே வரேன் டீச்சர். அரை மணி நேர வேலை," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் முழுக்க வல்லக்கோட்டை முருகனுக்குப் போகிற கூட்டம். என் பையில் இரண்டு கேசட்கள் இருந்தன. நசுங்காமல் இருக்கத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

"இன்னா சார், முருகர் பாட்டா?"

"இல்லைங்க. வெறும் கேசட்."

"வெறும் கேசட்ல இன்னாத்த கேப்பீங்க?"

பதில் சொல்வதற்குள், சாலைகள் கூடுகிற ஒரகடம் கூட்ரோடு வந்துவிட்டது. அப்போது அங்கே கார் கம்பெனிகள் கிடையாது. ஒரு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, நிறைய வெயில். இறங்கி நடந்தேன்.

பள்ளிக்கூடம் என்பது ஒரு நீளமான கூடம். சுவர் தடுப்பு எதுவும் இல்லை. ஐந்து வகுப்புகள் ஐந்து மூலைகளில் உட்கார்ந்திருந்தன. கூடத்துக்கு நான்கு மூலைகள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒன்றாம் வகுப்புக்கு நடு இடம்.

எஸ்தர் டீச்சர் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். முகம் ஒரு வகுப்பில் இருக்கும். வாய் இன்னொரு வகுப்பில் இருக்கும். நான்காம் வகுப்புக் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டே, திரும்பாமல், "ரெண்டாங்கிளாஸ், கால நீட்டாத," என்பார். முதுகுக்குப் பின்னால் ஒரு கால் மடங்கும். அந்தப் பிள்ளைகள் யாரும் டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. குரல் வந்தால் போதும், செய்துவிடுவார்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதன் பொருள் என்ன என்று நான் யோசிக்கவில்லை.

பீரோ திறந்தது. அட்டைப் பெட்டி, அதற்குள் தெர்மாகோல், அதற்குள் பாலித்தீன் உறை, அதற்குள் டேப்ரெக்கார்டர். புத்தம் புதுசு. நான் உறையைக் கழற்றப் போனேன்.

"சார், சார்! கவரோடயே பாடாதா?"

"பட்டன் அழுத்தணுமே டீச்சர்."

"கவர் மேலயே அழுத்திக்கலாமே."

அழுத்திப் பார்த்தேன். முடிந்தது. ஆனால் கேசட்டை உள்ளே போட முடியவில்லை. டீச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நான் உறையைக் கழற்றினேன்.

அடுத்தது மின்சாரம். சுவரில் அழகான சுவிட்சு போர்டு இருந்தது. பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போட்டேன்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பையன் பொறுமையாகச் சொன்னான்.

"சார், அதுல சுச்சு மட்டும்தான் கீது. கரண்டு இன்னும் வர்ல."

சரி, செல் போட்டு ஓட்டலாம். பெரிய செல் ஆறு வேண்டும். ஊர்ப் பெட்டிக்கடையில் இரண்டுதான் இருந்தன. டீச்சர் ஒரு பையனை அனுப்பித் தன் வீட்டு டார்ச்சிலிருந்து இரண்டு எடுத்து வரச் சொன்னார். மீதி இரண்டுக்கு, பள்ளிக்குப் பக்கத்து வீட்டு ஏழுமலையிடம் நான் போனேன். சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. அந்த வாரம் இரண்டாவது ஷிப்டு.

ஏழுமலை தன் டார்ச்சைப் பிரித்து இரண்டு செல்லையும் என் கையில் வைத்தார். கையை உடனே விடவில்லை.

"சார், ரெண்டு மணிக்குக் கூட்ரோட்டாண்ட கம்பெனி பஸ் வந்துடும். அதுக்குள்ள செல்லு என் கைக்கு வந்துடணும். ராத்திரி ஏரிக்கரை மேல நடந்து வரணும். பாம்புங்க இன்னா, நமக்கோசரம் வழி வுடுமா?"

"கண்டிப்பா குடுத்துடறேன்."

"மறந்துட்டீங்கன்னு வெச்சுக்கங்க, நானே வந்து எடுத்துக்குவேன்."

"சரிங்க," என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

புது செல்லையும் பழைய செல்லையும் கலந்து போடக் கூடாது என்று என் பக்கத்தில் நானே கட்டம் கட்டி எழுதியிருக்கிறேன். புதுசு இரண்டு, பழசு இரண்டு, மிகப் பழசு இரண்டு என்று போட்டு மூடினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கூடம் முழுக்கக் கை தட்டியது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இனிப் பாடத்தைப் பதிய வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு என்று முடிவு செய்தோம்.

"பதியும்போது அமைதியா இருக்கணும் டீச்சர். வெளியே மரத்தடிக்குப் போயிடலாம்."

போனோம். டீச்சர் "ஓரேழு" என்றார். அதற்குள் கூடத்திலிருந்து ஒரு பெரிய இரைச்சல், அதற்குப் பின் ஓர் அழுகை, அதற்குப் பின் ஏதோ உருளும் சத்தம். உள்ளே ஓடினோம். உருண்டது தண்ணீர்ப் பானை.

"நான் கண்ணு மறைஞ்சா இப்படித்தான் சார். உள்ளயே வெச்சுக்கலாம்."

உள்ளேயே வைத்துக்கொண்டோம். மேசை மேல் டேப்ரெக்கார்டர், அதன் முன்னால் டீச்சர், எதிரில் மூன்றாம் வகுப்பு. நான் குனிந்து கேசட்டின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சக்கரம் ஒரே சீராகச் சுற்றியது. டீச்சர் கணீரென்று சொன்னார். பிள்ளைகளும் திருப்பிச் சொன்னார்கள். இடையிடையே டீச்சர் வேறு ஏதோ பேசியது போலவும் இருந்தது. ஓர் ஆடு வந்தது, போனது. காலையிலிருந்து அந்தக் கூடத்தில் இருந்துவிட்டதால் எனக்கு எதுவும் காதில் தனியாக விழவில்லை.

பதிந்து முடித்ததும் போட்டுக் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டேன். முதல் இரண்டு வரி மட்டும். செல் தீர்ந்துவிடக் கூடாதே என்ற முன்யோசனை.

"பிரமாதம் டீச்சர்," என்றேன்.

சத்துணவு முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்த பிறகுதான் அதிகாரி வந்தார். மொபெட்டை நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கொஞ்சம் பருத்த உடம்பு, கெட்டவர் என்று சொல்ல முடியாத முகம். டீச்சர் என்னை அறிமுகப்படுத்தினார்.

"சார் குழந்தைங்களுக்கு எழுதறவரு. ரொம்ப வருஷமா."

"அப்படிங்களா, சந்தோஷம். எங்கேம்மா அந்த மெஷினு? பிரிச்சீங்களா?"

"ஓடுதே சார்!" என்றார் டீச்சர்.

அதிகாரிக்கு மூன்றாம் வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டோம். நான் அவர் பக்கத்தில் நின்றேன். டீச்சர் கூடத்தின் அந்தக் கோடிக்கு, ஐந்தாம் வகுப்புக்குப் போய், தமிழ்நாடு வரைபடத்தை விரித்து மாட்டினார். நான் பட்டனை அழுத்தினேன்.

"மூணாங்கிளாஸ், எல்லாரும் நிமிந்து உக்காருங்க. ஏழாம் வாய்ப்பாடு. ஓரேழு?"

"ஏழு!"

கேசட்டுக்குள் இருந்த மூன்றாம் வகுப்பும் வெளியே இருந்த மூன்றாம் வகுப்பும் சேர்ந்து சொன்னதால் கூரை ஓடு அதிர்ந்தது.

"ஈரேழு?"

"பதினாலு!"

அந்தக் கோடியில் டீச்சர் மேட்டூர் அணையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரே கூடத்தில் இரண்டு எஸ்தர் டீச்சர்கள். என் குறிப்பு ஒன்று நான் எழுதிய மாதிரியே வேலை செய்வதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"பரவால்லையே!" என்றார் அதிகாரி. என் பக்கம் சாய்ந்தார். "நீங்க சொல்லிக் குடுத்ததா சார்?"

"ஏதோ என்னால ஆனது."

"அருமை. மெஷினு லீவு கேக்காது. மாற்றலும் கேக்காது. இது ஒண்ணு இருந்தா இந்த ஸ்கூலுக்கு இன்னொரு ஆள் எதுக்குன்னேன்? அந்தப் போஸ்ட்டைப் படப்பைப் பக்கமே தள்ளிடலாம்."

நான் அவர் காதருகே குனிந்தேன்.

"இல்ல சார், இது சும்மா உதவிக்குத்தான்..."

"அட, நீங்க தன்னடக்கமா பேசாதீங்க சார். நான் இதைப் பத்தி மேலே எழுதப் போறேன். இந்த மாதிரி ஒவ்வொரு ஒண்டி ஸ்கூலுக்கும் ஒரு மெஷினைக் குடுத்துட்டா..."

"பின்னாடி யாரு பேசறது? வாய மூடு!" என்றது டேப்ரெக்கார்டர்.

அதிகாரி வாயை மூடினார். நானும் மூடினேன். அந்தக் கோடியில் பவானிசாகர் அணைக்கு வந்திருந்த எஸ்தர் டீச்சரும் மூடினார்.

கூடம் அமைதியானது. கருவி தொடர்ந்தது.

"மூவேழு? ரெண்டாங்கிளாஸ், பல்பத்தைத் தின்னாத. துப்பு."

இரண்டாம் வகுப்பில் நான்கு பேர் துப்பினார்கள்.

"நாலேழு? அஞ்சாங்கிளாஸ், அங்க என்ன சிரிப்பு? எல்லாரும் எழுந்து நில்லு."

ஐந்தாம் வகுப்பு எழுந்து நின்றது.

"உக்காருங்க, உக்காருங்க. நான் சொல்லல, அது சொல்லுது," என்றார் எஸ்தர் டீச்சர். உட்கார்ந்தார்கள்.

"யாரு உங்கள உக்கார சொன்னது? நில்லு!" என்றது கருவி.

நின்றார்கள். ஒரு பையன் பரிதாபமாகக் கேட்டான்.

"டீச்சர், நிக்கணுமா, உக்காரணுமா?"

"எதிர்த்துப் பேசாத," என்றது கருவி.

அதற்குப் பிறகு அவன் எஸ்தர் டீச்சரைக் கேட்கவே இல்லை. யார் பெரியவர் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

நான் பட்டனை அணைக்கக் கை நீட்டினேன். அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருங்க சார், ஓடட்டும்," என்றார். மெல்லிய குரலில்தான் சொன்னார். கருவிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

"சுமதி, ஆடு வருது பாரு. தொரத்திட்டு வா."

நான்காம் வகுப்பிலிருந்து சுமதி எழுந்தாள். மூலையில் இருந்த குச்சியை எடுத்தாள். வெளியே போனாள். இல்லாத ஆட்டைக் கொஞ்ச தூரம் விரட்டிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"போயிடுச்சு டீச்சர்."

"கதவைச் சாத்து," என்றது கருவி.

சாத்தினாள். கூடம் இருட்டானது.

இந்த இடத்தில் மிகப் பழைய செல்கள் இரண்டும் தளர்ந்தன. எஸ்தர் டீச்சரின் குரல் மெல்ல மெல்லக் கனத்தது. இருட்டில், கிணற்றுக்குள்ளிருந்து ஒரு பெரிய ஆள் பேசுவது போல, "ஐ... யே... ழு..." என்று வந்தது.

ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை விசும்பியது.

"யா... ரு... அ... ழ... ற... து..." என்றது குரல்.

ஒன்றாம் வகுப்பு மொத்தமும் அழுதது.

அப்போது கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஏழுமலை நின்றார். கம்பெனி யூனிபாரம், கையில் சாப்பாட்டுத் தூக்கு, அக்குளில் டார்ச். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக மேசைக்கு வந்தார். டேப்ரெக்கார்டரைக் கவிழ்த்தார். மூடியைத் திறந்து தன் செல் இரண்டையும் எடுத்தார்.

"ஆ... றே... ழு... நா..." என்று கருவி நின்றது.

"மன்னிச்சுக்கங்க டீச்சர், பஸ்ஸு வந்துடும்," என்றார் ஏழுமலை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நீங்கதான் புது வாத்தியாரா சார்? நல்லாருங்க. பாவம், டீச்சர் ஒண்டியா மாரடிக்குது."

போய்விட்டார்.

அதிகாரி பேசலாமா என்று கருவியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, தினமும் இப்படித்தானா?"

"இல்ல சார்," என்றார் எஸ்தர் டீச்சர் அவசரமாக. "நீங்க வரீங்கன்னு இன்னிக்குக் கொஞ்சம் அமைதியா இருந்தாங்க."

நான் மனதுக்குள் கை கூப்பினேன். ஒரு வாய்ப்பாடு சொல்லி முடிப்பதற்குள் நான்கு வகுப்புகளை அதட்ட வேண்டியிருக்கிறது. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? டீச்சருக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதிகாரிகள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமாம்மா? நீங்க அந்தப் பக்கம் திரும்பி நிக்கறீங்க. ஆனாலும் உங்க குரலுக்கே அஞ்சு கிளாஸும் ஆடுது. எழுந்திருன்னா எழுந்திருக்குது. துப்புன்னா துப்புது. படப்பைல ரெண்டு பேர் இருந்தும் ஒரு கிளாஸ் அடங்க மாட்டேங்குது. நியாயமா பாத்தா ஆள் அங்கதான் வேணும். உங்களுக்கு எதுக்கு?"

எஸ்தர் டீச்சர் ஓரடி முன்னால் வந்தார். "சார், எங்கம்மா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

"வெளிய வாங்கம்மா. சில விவரம் எழுதணும். அஞ்சு நிமிஷம்."

"பசங்கள..."

"அதான் இவர் இருக்காரே. குழந்தைங்களுக்கு எழுதறவரு."

இருவரும் வெளியே போனார்கள்.

எனக்கு இதில் பயம் எதுவும் இல்லை. எத்தனையோ ஆண்டுகளாக வாரந்தோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகளோடு பேசிக்கொண்டிருப்பவன் நான். அவர்கள் திருப்பிப் பேச முடியாத இடத்தில் இருந்து பேசியிருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

"குட்டிகளே," என்று தொடங்கினேன். "உங்களுக்கு ஒரு புதிர் போடட்டுமா?"

"வேணாம்," என்றது நான்காம் வகுப்பு.

இரண்டாம் வகுப்பில் ஒரு விரல் உயர்ந்தது. "சார், ஒண்ணுக்கு."

"போயிட்டு வா கண்ணா," என்றேன்.

இது தவறு. ஒரு பிள்ளைக்குச் சரி என்று சொன்னால் இரண்டாம் வகுப்பு முழுவதற்கும் அது வரும். எழுந்து வரிசையாக வெளியேறியது. ஏன் அவர்களுக்கு மட்டும் என்று மூன்றாம் வகுப்பு எழுந்தது.

"உட்காருங்கள், உட்காருங்கள், தயவுசெய்து," என்றேன்.

"சார் தயவுசெஞ்சுன்னு சொல்றாரு டோய்!" என்று யாரோ கத்தினார்கள். கூடத்துக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

ஒன்றாம் வகுப்பு இன்னும் அழுதுகொண்டிருந்தது. அதில் ஒரு குழந்தை என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "பூதம் போயிடுச்சா?" என்று கேட்டது. போய்விட்டது என்றேன். "எங்க போச்சு?" என்று கேட்டது. பெட்டிக்குள்ளேயே என்றேன். குழந்தை இன்னும் பலமாக அழுதது.

இந்த நேரத்தில் உண்மையான ஆடு வந்தது.

"சுமதி! ஆடு வருது பாரும்மா," என்றேன்.

சுமதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். அசையவில்லை. "நீங்க டீச்சர் இல்லியே," என்றாள்.

குச்சியை நானே எடுத்தேன். ஆடு என்னைவிட நிதானமாக இருந்தது. தமிழ்நாடு வரைபடத்துக்குப் போய், மேலிருந்து தின்னத் தொடங்கியது. ஒரகடமெல்லாம் முதல் வாயிலேயே போயிருக்கும். விரட்டினேன். ஆடு வகுப்பு மாறியது. வேட்டியைப் பிடித்திருந்த குழந்தை விடவில்லை. அதனால் நாங்கள் மூவரும் ஒன்றாகவே கூடத்தைச் சுற்றி வந்தோம்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெண் குழந்தை, எனக்கு உதவும் எண்ணத்தோடுதான் சொன்னது.

"சார், டேப்பையே போட்டுடுங்க சார்."

வாசலில் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் எஸ்தர் டீச்சர் ஒரு கால் உள்ளே வைத்தார்.

"ஏய்," என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்பு உட்கார்ந்தது. அழுகை நின்றது. வெளியே போயிருந்த இரண்டாம் வகுப்பு ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தது. ஆடு தானாகவே வெளியே போனது. வாயில் செங்கல்பட்டு மாவட்டம் தொங்கியது.

அதிகாரி என் கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். வேட்டியில் தொங்கிய குழந்தையைப் பார்த்தார்.

"ஏம்மா, இவரு குழந்தைங்க விஷயத்துல பெரிய ஆளுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா சார்."

"இவராலயே அஞ்சு நிமிஷம் முடியலையா?"

"முடியலைங்க," என்றேன் நான்.

அதிகாரி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"நீங்க இருக்கறப்போ இந்த ஸ்கூல் எப்படி இருக்குதுன்னு மட்டும்தாம்மா நான் பாத்தேன். நீங்க இல்லாட்டி என்ன ஆகும்னு யோசிக்கல. நாளைக்கு நீங்க ஒரு நாள் படுத்துட்டா?"

"அதான் சார் ரெண்டு வருஷமா படுக்கவே இல்ல," என்றார் டீச்சர்.

அதிகாரி பேனாவை எடுத்தார். எழுதினார். எழுதியதில் இரண்டு வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"மெஷினாலயும் ஆகாது, இந்த சாராலயும் ஆகாது. ஆள் போட்டுத்தான் தீரணும். ஜூன்ல வந்துடுவாங்கம்மா."

"சார், அப்போ படப்பை ஸ்கூலு?"

"அவங்களுக்கும் ஏதாவது குடுக்கணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு, டேப்ரெக்கார்டரைத் தூக்கி மொபெட்டின் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார். எஸ்தர் டீச்சர் ஓடிப் போய் பாலித்தீன் உறையைப் போர்த்திவிட்டு வந்தார்.

மொபெட் புழுதியில் மறைந்தது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், ரொம்ப நன்றி சார். எல்லாம் உங்களாலதான்."

"என்னால ஒண்ணுமே முடியலையே டீச்சர்."

"அதைத்தான் சார் சொல்றேன்."